பெட்டியில் கிடக்கும் பழைய 'குரோனோகிராஃப்' கைக்கடிகாரம்: வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய வீடுகளில், இரும்புப் பெட்டியின் உள்ளறையில், பழைய பத்திரங்களோடு பத்திரமாகச் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று கிடக்கிறது. தகப்பனார் கட்டியதாக இருக்கும். அல்லது கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்டதாக இருக்கும். இவற்றில் சிலவற்றின் டயலுக்குள் இரண்டு அல்லது மூன்று சிறு வட்டங்கள் காணப்படும். பக்கவாட்டில் சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் இருக்கும். இந்த வகைக்கு 'குரோனோகிராஃப்' என்று பெயர். ஓடுகிற நேரத்தைக் காட்டுவதோடு, நாம் வேண்டும்போது தொடங்கி வேண்டும்போது நிறுத்திக் கணக்குப் பார்க்கும் வசதியும் இதில் உண்டு.

அண்மைக் காலமாக இவற்றைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். "ஓடாத வாட்ச்தானே, ஏதாவது போட்டுத் தருகிறேன்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். பிள்ளைகளும் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், கைப்பேசியில் பளபளவென்று படத்தைப் பார்த்து, பணத்தை அனுப்பி, வந்து சேர்ந்த சரக்கைக் கண்டு விழிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. இரண்டு நஷ்டமும் சரக்கைப் பார்த்து வாங்கத் தெரியாததால் வருவதுதான். துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் ஒரு பிடி அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுகிற நமக்கு, இதையும் பார்க்கக் கற்றுக்கொள்வது கஷ்டமல்ல.

நாம் கட்டியிருப்பது தாய்மாமன் மலேயாவிலிருந்து கொண்டு வந்த ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மண்டிக்கு வரும்போது தினமும் கட்டி வருகிறோம். அதைப் பார்த்து உறுப்பினர்கள் அவ்வப்போது கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய ரைஸ் மில்லை நினைத்துப் பாருங்கள். ஒரே மோட்டார், ஒரே நீளத் தண்டு. தண்டு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். பெல்ட்டைத் தள்ளிப் புல்லியில் ஏற்றினால் ஹல்லர் ஓடும், இறக்கினால் நின்றுவிடும். குரோனோகிராஃபும் இப்படித்தான். சுருள்வில்லும் பல்சக்கரங்களும் எப்போதும் ஓடி நேரத்தைக் காட்டுகின்றன. மேல் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சக்கரம் நகர்ந்து வந்து, ஓடுகிற சக்கரத்தோடு பல்லுக்குப் பல் சேர்ந்துகொள்கிறது. நடுவில் நிற்கும் நீண்ட விநாடி முள் உடனே கிளம்புகிறது. அது ஒரு சுற்று முடித்தவுடன், சிறு வட்டத்தில் உள்ள நிமிட முள் ஒரு கோடு நகர்கிறது. மறுபடி அழுத்தினால் சக்கரம் விலகி, முள் நிற்கிறது.

கீழ்ப் பொத்தான் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கு. நமக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான். முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு சிறு தகடு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஒரு சுத்தியல் போன்ற நெம்பு அந்தத் தகட்டின் மீது இறங்குகிறது. முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும், சரிவில் உருளும் உருண்டை பள்ளத்தில் போய் நிற்பதுபோல, தகடு திரும்பி ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறது. முள்ளும் 12-க்கு நேராக வந்துவிடுகிறது. இந்த இதயத் தகட்டுக்கு 1844ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்றைக்கும் இதைவிட எளிய வழி வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. விநாடி முள் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தக் கூடாது. முதலில் நிறுத்திவிட்டுப் பிறகே பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டத்திலேயே திருப்பும்படி செய்த வகைகளும் உண்டு, ஆனால் அவை குறைவு. நம்முடையதில் இருப்பது 'லேண்டரான் 48' என்ற ஸ்விஸ் இயந்திரம். 1937 முதல் பல ஆண்டுகள் ஏராளமாகத் தயாரித்த மலிவான வகை அது. இதில் மேல் பொத்தான் தொடங்க மட்டும்தான்; கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நிற்கும், மறுமுறை அழுத்தினால் பூஜ்யத்துக்கு வரும். இது தெரியாமல் "மேல் பொத்தான் வேலை செய்யவில்லை" என்று சொல்லி விலையைக் குறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தெரிந்தே அப்படிச் சொல்பவர்களும் உண்டு.

துல்லியம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். இந்த இயந்திரம் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது, அதாவது விநாடிக்கு 5. ஆகவே இதைக் கொண்டு ஐந்தில் ஒரு பங்கு விநாடி வரை அளக்கலாம். நாள் ஒன்றுக்கு அரை நிமிடம் முன்பின் போனால் பழைய வாட்சுக்கு அது நல்ல ஓட்டம்தான். நம் கணக்கில் சொல்வதானால், ஒரு நாளின் 86,400 விநாடியில் 30 விநாடி வித்தியாசம் என்பது, ஒரு குவிண்டால் மூட்டையில் 35 கிராம் கூடக்குறைய இருப்பதற்குச் சமம். நம் பிளாட்ஃபாரத் தராசு இதைவிடச் சுத்தமாக நிற்கிறதா என்று ஒவ்வொருவரும் அவரவர் கடையில் பார்த்துக்கொள்ளலாம்.

வந்த வழி

'குரோனோகிராஃப்' என்றால் கிரேக்க மொழியில் 'நேரத்தை எழுதுவது' என்று பொருள். 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்பவர் ஓடவிட்ட கருவி, சுழலும் தட்டின் மீது மைப் புள்ளி வைத்து நேரத்தை உண்மையாகவே எழுதியது. பிறகு எழுத்து போய்ப் பெயர் மட்டும் நின்றது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பியபோது, 14 விநாடிக்கு எஞ்சினை எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 விநாடியையும் விண்வெளி வீரர்கள் அளந்தது கையில் கட்டியிருந்த ஒமேகா குரோனோகிராஃபை வைத்துத்தான்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகிற லாரிப் பாதையை நமக்கெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். இந்தியக் கைக்கடிகாரத்தின் கதை முழுவதும் அந்த ஒரே சாலையின் கோடியில் அடங்கிவிடுகிறது. பெங்களூரில் அரசு நிறுவனமான ஹெச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 17 கல் வைத்த 'ஜனதா' எத்தனை பேர் கையில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில், குரோனோகிராஃப் என்றால் மலேயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா போய்வந்தவர்கள் கையில் கட்டி வந்ததுதான். கப்பலில் கள்ளத்தனமாக இறங்கியதும் உண்டு. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ நிறுவனம் டோக்கியோவில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்துக் குவார்ட்ஸை நம் ஊர்க் கடைவீதிக்கே கொண்டுவந்தது. மாதத்துக்குப் பதினைந்து விநாடி கூடப் பிசகாத, சாவியும் தேவைப்படாத வாட்ச் கிடைக்கும்போது பழையதை யார் கட்டுவார்? எல்லாம் பெட்டிக்குள் போயின. ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. மூடப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஜனங்கள் ஹெச்.எம்.டி. வாட்சைத் தேடித் தேடி வாங்கினார்கள் என்பது வேறு கதை.

கடைக்காரருக்கு எதற்கு?

தாய்மாமன் இதை அழகுக்காகக் கட்டவில்லை. நிமிட வட்டத்தில் 3, 6, 9 ஆகிய இடங்களில் மட்டும் கோடு சற்று நீளமாக இருக்கும். அது தொலைபேசிக்காக. அந்தக் காலத்தில் விருதுநகர் மார்க்கெட் விலை கேட்க டிரங்கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். லைன் கிடைத்ததும் பொத்தானை அழுத்துவார். முள் நீளக் கோட்டைத் தொடுமுன் உளுந்து, பயறு, வத்தல் மூன்றுக்கும் விலை வாங்கிவிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் கடிதத்தில்தான்.

டயலின் ஓரத்தில் எண்கள் நெருக்கமாக அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் வேகம் காட்டும் அளவு. லாரியில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி ஆனால் முள் 80-ஐக் காட்டும். அதுவே மணிக்கு வேகம். 3,600-ஐ 45 ஆல் வகுத்த கணக்குதான், டயலே வகுத்து வைத்திருக்கிறது. வேறு சிலவற்றில் இடி மின்னல் அளவு இருக்கும். மலைக்கு மேல் மின்னல் தெரிந்ததும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்தினால் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது என்று தெரியும். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். டாக்டர்கள் நாடி எண்ணுவதற்கென்றே செய்த டயலும் உண்டு. மூன்று சிறு வட்டம் இருந்தால் மூன்றாவது, 12 மணி வரை கணக்கு வைக்கும். பௌர்ணமி அன்று கடை அடைத்துவிட்டுப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கும்.

வாங்கும்போது, விற்கும்போது

இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வாட்ச் வியாபாரத்தில் 'பாம்பே ஸ்பெஷல்' என்று ஒரு சொல் உண்டு. மங்கிப்போன டயலைச் சுரண்டிப் புதிதாக வர்ணம் அடித்து, நல்ல கம்பெனிப் பெயரை அச்சிட்டு, ஒன்றின் இயந்திரத்தை இன்னொன்றின் கூட்டில் வைத்து, முள்ளை வேறு எங்கோ எடுத்துப் பூட்டி விற்பது. பார்வைக்குப் புதிதாக இருக்கும். விவரம் தெரிந்தவர் பாதி விலைக்கும் எடுக்க மாட்டார். பாலிஷ் போட்ட பருப்பும் இதுவும் ஒன்றுதான்.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். டயல் எழுத்து தடித்தும் ஓரம் பிசிறடித்தும் இருக்கிறதா, சிறு வட்டத்தின் கோடுகள் சம இடைவெளியில் இருக்கின்றனவா, விநாடிக் கோடுகள் வட்டத்தோடு சரியாக முடிகின்றனவா என்று பாருங்கள். ஐம்பது அறுபது வருடப் பழைய டயல் கொஞ்சமாவது மஞ்சள் பாரிக்கும். கண்ணைப் பறிக்கும் நீலம், பச்சை, ஆரஞ்சு என்றால் சந்தேகப்பட வேண்டும். அடுத்து, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இயந்திரத்தின் மீது தயாரிப்பாளர் அடையாளமும் எண்ணும் பொறித்திருக்கும். திறந்து காட்ட மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மூட்டையைக் குத்திப் பார்க்க விடாதவரிடம் நாம் சரக்கு எடுப்போமா?

பிறகு ஓட்டிப் பாருங்கள். முழுச் சாவி கொடுத்து, பொத்தானை அழுத்தி அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். பொத்தான் அழுத்தும்போது தெளிவான ஒரு சொடுக்கு கேட்க வேண்டும். களிமண்ணில் அமுக்குவதுபோல இருந்தால் உள்ளே தேய்மானம். நிமிட முள் ஒவ்வொரு நிமிடமும் தவறாமல் நகர வேண்டும். பூஜ்யத்துக்குத் திருப்பினால் முள் கோட்டின் மீதே வந்து நிற்க வேண்டும். அரைக் கோடு தள்ளி நின்றால் செலவு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வாட்சே நின்றுபோனால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதாது. ஒரு டீ குடித்து, மறுபடி பார்த்து, படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் பார்த்துத்தான் விலை பேச வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் இதே சொல். மங்கிய டயலைப் புதுப்பித்தால் விலை கூடும் என்று எண்ணாதீர்கள். நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், தகப்பனாரின் குரோனோகிராஃபை 'சர்வீஸ்' செய்யச் சொல்லி வெளியூரில் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் கேட்காமலே டயலுக்கு வர்ணம் அடித்து, கூட்டை மழமழவென்று தேய்த்து, "புதுசு மாதிரி ஆக்கிவிட்டோம்" என்று கொடுத்தார்கள். பழைய டயலின் ஓரத்தில் தகப்பனார் காலத்து வியர்வைக் கறை ஒன்று இருக்கும். அதுவும் போயிற்று, விலையும் போயிற்று. ஆகவே சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, 'டயல், முள், கூடு ஆகியவற்றைத் தொடக் கூடாது. மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

முதலீடாக வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நம் அபிப்பிராயம், வேண்டாம் என்பதே. வட்டி வராத, சுழற்சி இல்லாத, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை செலவு வைக்கிற சரக்கு இது. சாதாரண வாட்சைவிடப் பாகங்கள் அதிகம் என்பதால் கூலியும் அதிகம். உதிரி பாகம் கடையில் கிடைக்காது. இன்னொரு பழைய வாட்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். கடிகாரக்காரர்களின் பிள்ளைகள் கைப்பேசி ரிப்பேருக்குப் போய்விட்டார்கள். வாங்குமுன் அதைப் பழுது பார்ப்பவர் யார் என்று கண்டுபிடித்து, "குரோனோகிராஃப் பிரித்துப் பூட்டியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். இல்லை என்று சொல்பவர் யோக்கியர். அவரிடம் சாதாரண வாட்சைக் கொடுக்கலாம்.

கட்டிப் பழகுவது

காலையில் கடை திறக்கும் நேரத்துக்குச் சாவி கொடுப்பது நல்ல வழக்கம். இருபது, முப்பது திருகலில் இறுக்கம் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் ஒன்றரை நாள் ஓடும். குரோனோகிராஃபை நாள் முழுதும் ஓடவிட்டால் அது வில்லின் பலத்தைத் தின்னும், நேரமும் பிசகும். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறையாவது தொடங்கி, நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பெட்டியில் பூட்டியே வைத்தாலும் எண்ணெய் காயத்தான் செய்யும்.

நம் தொழிலில் இதற்கு மூன்று எதிரிகள். முதலாவது தூசி. வத்தல் மூட்டை பிரிக்கும்போதும், மாவு, தவிடு அள்ளும்போதும் கழற்றி வைக்க வேண்டும். பொத்தான் இருக்கும் துவாரங்கள் வழியாகத் தூள் உள்ளே போகும். விபூதியும் அப்படித்தான் போகும். இரண்டாவது வியர்வை. பழைய கூடுகள் பெரும்பாலும் பித்தளை மேல் குரோமியம் பூசியவை. அக்னி நட்சத்திரத்தில் உப்பு வியர்வை பட்டால் பின்பக்கம் அரித்துவிடும். இரவில் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். எந்தப் பழைய குரோனோகிராஃபையும் தண்ணீர் போகாதது என்று நம்பக் கூடாது, பின்னால் என்ன எழுதியிருந்தாலும் சரி. மூன்றாவது காந்தம். ஸ்பீக்கர், கைப்பேசி உறையின் காந்த மூடி ஆகியவற்றின் அருகில் வைத்தால், மயிரிழை போன்ற வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓட ஆரம்பித்தால் இதுதான் காரணமாக இருக்கும். ரிப்பேர்க்காரர் காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். பிரிக்கவே வேண்டியதில்லை, பெரிய கூலி கேட்டால் கொடுக்கவும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960களுக்கு முந்திய டயல்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிராவிட்டாலும் அதன் கதிர்வீச்சு குறைந்துவிடவில்லை; ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடி மூடியிருக்கும் வரை கட்டுவதில் பெரிய பயமில்லை. வீட்டில் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டவோ ஊதவோ கூடாது. பொடி உடம்புக்குள் போவதுதான் ஆபத்து. பேரப்பிள்ளைகள் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைக்கிற வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும்.

காகிதங்கள்

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 123ஆம் பிரிவில் தங்கத்தோடு கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். கடத்தல் சரக்கு என்று நியாயமாகச் சந்தேகித்து அதிகாரி கைப்பற்றினால், அது கடத்தலல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. ஆகவே வெளிநாட்டு வாட்சைப் பில் இல்லாமல் வாங்க வேண்டாம். பழைய பொருளை வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரி, வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காமலும், பொருளின் தன்மை மாறாமலும் விற்றால், விலை வித்தியாசத்தின் மீது மட்டும் ஜி.எஸ்.டி. கட்டும் வழி விதிகளில் இருக்கிறது. "பில் போட்டால் வரி ஏறிவிடும்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பரம்பரையாக வந்ததற்குப் பில் இருக்காது. பழைய சர்வீஸ் சீட்டு, தகப்பனார் அதைக் கட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ, வெளிநாடு போய்வந்த பாஸ்போர்ட் என்று எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பின்மூடியில் உள்ள எண், இயந்திரத்தின் எண், யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருடம், கடைசியாக எப்போது யாரிடம் எண்ணெய் போட்டது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வாட்சை வைக்கும் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். நாம் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த சர்வீஸ் வருகிற தை மாதம்.